மனிதன் எழுதாத ஏடுகள்

அறிவியல் புனைகதைகளில் திரும்பத் திரும்ப வரும் கனவு ஒன்று உண்டு. நெடும்பயணம் போன விண்வெளி வீரர்கள் பெயர் தெரியாத ஒரு கோளில் இறங்குகிறார்கள். அங்கே வாழ்ந்த இனம் மறைந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அவர்கள் கண்டதும் கற்றதும் நிலத்தடிக் கூடம் ஒன்றில் அடுக்கடுக்காகப் பத்திரமாக இருக்கின்றன. எழுத்து புரியவில்லை, திறவுகோல் தெரியவில்லை. அந்தக் கூடத்தின் வாசலில் நிற்பவனுக்கு முதலில் அச்சம் வருகிறது. பிறகு தன்னை அறியாமல் கைகள் குவிகின்றன.

1956 முதல் இலங்கையையே தன் வீடாக்கிக்கொண்ட ஆர்தர் சி. கிளார்க், அதற்கு முன்பே 1951-ல் ‘தி சென்டினல்’ என்ற சிறுகதையை வெளியிட்டார். மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே யாரோ நிலவில் வைத்துவிட்டுப் போன ஒரு பிரமிடுதான் அதன் மையம். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ என்ற 1968-ம் ஆண்டுத் திரைப்படத்துக்கு அந்தக் கதைதான் விதை. நமக்கு முன்னே அறிந்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் நமக்காக எதையோ விட்டுச் சென்றிருக்கிறார்கள் என்ற எண்ணம் மனித மனத்தை ஏன் இப்படி உலுக்குகிறது? தான் தனியாக இல்லை என்று கேட்க அது ஏங்குகிறது. தன்னைவிடப் பெரிய நினைவு ஒன்று இருக்கிறது என்று நம்ப விரும்புகிறது.

நாமே அப்படி ஒரு ஏட்டை எழுதி அனுப்பியும் இருக்கிறோம். 1977-ல் புறப்பட்ட இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் தங்க முலாம் பூசிய செப்புத் தகடு ஒன்று இருக்கிறது. கார்ல் சேகன் தலைமையிலான குழு தேர்ந்தெடுத்த படங்களும் ஒலிகளும் அதில் பதிந்துள்ளன. கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி ராகம் அதில் இருக்கிறது. 55 மொழிகளில் வாழ்த்தும் இருக்கிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு. தமிழ் இல்லை. அந்த வருத்தம் நமக்குள் இன்றும் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் மனிதன் அல்லாத கைகள் எழுதிய, மனிதனின் நகரங்களையெல்லாம்விடப் பழமையான ஏட்டுக்கூடம் ஒன்று தமிழ் பேசும் ஒரு மலைநாட்டின் காலடியிலேயே விரிந்து கிடக்கிறது. அதைத் தேடி விண்ணுக்குப் போக வேண்டாம். மூணாறிலிருந்து பேருந்து ஏறினால் போதும்.

வட்டவடை

மாட்டுப்பெட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று ஏறும் சாலை, பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள் நுழைந்து, மறுபக்கம் வட்டவடையில் இறங்குகிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டம். கிழக்கே தமிழகத்தின் பழனி மலைத்தொடர். மேற்கே தென்மேற்குப் பருவமழையை முழுக்க வாங்கிக்கொள்ளும் மூணாறு மலைகள். இடையில் மழை மறைவில் இருக்கும் இந்தச் சரிவுகளில் தட்டுத் தட்டாக வெட்டிய வயல்கள். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ். இந்த மலைப்பூண்டுக்கு, காந்தளூர் பூண்டோடு சேர்த்துப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கோவிலூர், கொட்டாக்கொம்பூர், சிலந்தியார் என்று ஊர்ப் பெயர்களே இங்கு வாழும் மக்கள் யாரென்று சொல்லிவிடும். காட்டோரக் குடிகளில் முதுவர்கள் வாழ்கிறார்கள். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு.

இங்கே விழும் மழை மேற்கே அரபிக்கடலுக்குப் போவதில்லை. பாம்பாற்றில் சேர்ந்து, அமராவதியாகி, உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் கரூருக்கும் தண்ணீர் கொடுத்து, காவிரியில் கலக்கிறது. கரூர்ப் பக்கத்து வயலில் நிற்பவர்களும் வட்டவடை மலைக்குக் கடன்பட்டவர்கள்தான்.

பாம்பாடும் சோலை 2003-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சாலையில் நின்று பார்த்தால் இரண்டு உலகங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்பது தெரியும். மலையின் தோள்களிலும் முதுகிலும் புல். இரண்டு மேடுகளுக்கு நடுவே மடிப்பு விழும் இடங்களில் மட்டும் அடர்ந்த சோலை. சோலைக்குள் ஓரடி வைத்தால் வெளிச்சம் குறைந்துவிடும். மரங்கள் அதிக உயரமில்லை. ஆனால் ஒவ்வொரு கிளையும் பாசியும் மரப்பாசியும் போர்த்தி, ஆர்க்கிடும் பெரணியும் ஏந்தி நிற்கும். கால் வைக்கும் இடமெல்லாம் மெத்தென்று அமுங்கும். அடியில் எங்கோ நீர் கசியும் ஒலி விடாமல் கேட்கும்.

புல் ஏன் மேட்டில் மட்டும், மரம் ஏன் மடிப்பில் மட்டும்? பனிக்காலத்து இரவுகளில் திறந்த சரிவுகளில் உறைபனி படியும். மரக்கன்றின் இளந்தளிரை அது கருக்கிவிடும். புல்லோ மண்ணுக்கடியில் உயிரை வைத்துக்கொண்டு மீண்டும் துளிர்க்கும். மடிப்புகளில் ஈரமும் காற்று மறைவும் உண்டு. அங்கே மரம் பிழைக்கும். இப்படி எல்லை பிரித்துக்கொண்டு இரண்டும் வாழ்கின்றன.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தப் புல்வெளியைப் பார்த்தவர்களுக்கு வேறொரு எண்ணம் தோன்றியது. ஒரு காலத்தில் மலை முழுவதும் காடாக இருந்திருக்கும், மனிதன் வெட்டியும் எரித்தும் புல்லாக்கிவிட்டான் என்று நினைத்தார்கள். நினைத்ததோடு நிற்கவில்லை. ‘தரிசு’ என்று கணக்கில் எழுதப்பட்ட இடங்களில் சீகை எனப்படும் வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் நடப்பட்டன. அந்த நடவு விடுதலைக்குப் பிறகும் தொடர்ந்தது. இந்த எண்ணம் சரியா தவறா என்பதைச் சொல்ல, அந்தக் காலத்தைக் கண்ணால் கண்ட சாட்சி ஒன்று வேண்டும். அந்தச் சாட்சி சேற்றுக்குள் இருந்தது.

கருஞ்சேற்றின் அடுக்குகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பள்ளங்களில் ஆண்டு முழுவதும் நீர் தேங்கி நிற்கும் சதுப்புகள் உண்டு. சுற்றிலும் உதிரும் புல்லும் இலையும் அதில் விழுகின்றன. சாதாரண மண்ணில் விழுந்தால் சில மாதங்களில் மக்கிப் போயிருக்கும். இங்கே குளிர்ந்த நீருக்கடியில் காற்று புகுவதில்லை. காற்றில்லாததால் மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடுகின்றன. ஊறுகாய் ஜாடியில் எண்ணெய்க்கு அடியில் கிடக்கும் மாங்காய் கெடாமல் இருப்பதுபோல, விழுந்ததெல்லாம் அப்படியே தங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டின் உதிர்வு அதன் மேல். அதற்கடுத்தது அதற்கும் மேல். பீட் எனப்படும் கருஞ்சேறு இப்படித்தான் வளர்கிறது. மேலிருந்து கீழே போகப் போகக் காலம் பின்னோக்கிப் போகிறது.

இந்த ஏட்டை வாசிக்க முதலில் பக்க எண் வேண்டும். அதையும் இயற்கையே எழுதி வைத்திருக்கிறது. உயிரோடிருக்கும் ஒவ்வொரு செடியிலும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் மிகச் சிறிய அளவில் இருக்கும். செடி இறந்த நொடியிலிருந்து அது குறையத் தொடங்கும். ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகும், இன்னொரு 5,730 ஆண்டுகளில் அதிலும் பாதியாகும். மீதம் எவ்வளவு என்று அளந்தால் அந்தச் சேற்றடுக்கு எந்தக் காலத்தது என்று தெரியும். வாயேஜர் தகட்டின் உறையிலும் விஞ்ஞானிகள் இதையே செய்தார்கள். கண்டெடுப்பவர்கள் வயதைக் கணிக்கட்டும் என்று, தேய்ந்துகொண்டே இருக்கும் யுரேனியத்தைச் சிறிதளவு பூசி அனுப்பினார்கள். மனிதனுக்கு 1977-ல் தோன்றிய அந்த யோசனை, சதுப்பில் கிடக்கும் ஒவ்வொரு இலையிலும் ஆதிமுதல் இருக்கிறது. படைப்பின் நுட்பத்தை நினைத்து மெய்சிலிர்க்காமல் எப்படி இருப்பது?

அடுத்து எழுத்து. மலையின் மரங்களும் வெப்பநாட்டுப் புற்களில் பலவும் ஒளிச்சேர்க்கையில் வெவ்வேறு வழிகளைக் கையாள்கின்றன. இயற்கையில் நூறு கார்பன் அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் சற்றே எடை கூடிய கார்பன்-13 இருக்கிறது. மரங்கள் அந்த எடை கூடியதைச் சற்றே கூடுதலாக ஒதுக்கும். அந்தப் புற்கள் அவ்வளவாக ஒதுக்குவதில்லை. ஆகவே ஒரு சேற்றடுக்கில் கார்பன்-13 எவ்வளவு என்று பார்த்தால், அந்தக் காலத்தில் சுற்றிலும் சோலை ஓங்கியிருந்ததா, புல் ஓங்கியிருந்ததா என்று தெரிந்துவிடும். சோலை ஓங்கினால் ஈரமான காலம். புல் ஓங்கினால் வறண்ட காலம்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமாரும், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோரும் நீலகிரிச் சதுப்புகளின் கருஞ்சேற்றை இப்படி வாசித்து, 1993-ல் ‘நேச்சர்’ ஆய்விதழில் எழுதினார்கள். 20,000 ஆண்டுகளின் கதை அதிலிருந்து எழுந்து வந்தது. உலகின் வடபகுதியைப் பனிப்பாளங்கள் மூடியிருந்த காலத்தில் நம் மலையில் பருவமழை நலிந்து, புல் ஓங்கியிருந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மழை வலுத்தது, சோலை விரிந்தது. சில ஆயிரம் ஆண்டுகள் கழித்து மீண்டும் வறட்சி, மீண்டும் புல். பிறகு வந்த ஆய்வுகள் இந்த ஏட்டை 40,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கொண்டுசென்றன.

உழவு பிறப்பதற்கு முன்பே, கோடரியோடு மலையேறிய முதல் குடியானவனுக்கும் முன்பே, புல் அங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. சோலைக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உரிமை புல்லுக்கும் உண்டு. ‘தரிசு’ என்று எழுதிய கணக்குப் புத்தகம் தவறென்று, இருபதாயிரம் ஆண்டுப் புத்தகம் திருத்தியது.

ஒரு துகளுக்குள் ஒரு மலை

இதே சேற்றில் இன்னொரு எழுத்தும் உண்டு. அது மகரந்தம்.

ஆய்வுக்கூடத்தில் நகக்கண் அளவு சேற்றை எடுத்துக்கொள்கிறார்கள். காரத்தில் கொதிக்க வைக்கிறார்கள். மணலைக் கரைக்க, கண்ணாடியையே அரிக்கக்கூடிய ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை ஊற்றுகிறார்கள். செல்லுலோஸைப் போக்க வேறு அமிலக் கலவை. இலை, மண், மணல் எல்லாம் கரைந்து போன பிறகும் கரையாமல் நிற்பவற்றுள் முதன்மையானது மகரந்தத்தின் மேலோடு. உயிரினங்கள் உண்டாக்கும் பொருள்களிலேயே மிக உறுதியானவற்றுள் ஒன்றால் அது ஆனது. பூவிலிருந்து பூவுக்குக் காற்றில் போக வேண்டிய துகளுக்கு இப்படி ஒரு கவசம்.

பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால், ஒவ்வொரு துகளும் தன் குலத்தைச் சொல்கிறது. புல்லின் மகரந்தம் உருண்டையாக, ஒரே ஒரு துளையோடு, துளையைச் சுற்றி வளையல்போல் ஒரு விளிம்போடு இருக்கும். மலைச்சரிவில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு எனும் ரோடோடெண்ட்ரானின் மகரந்தம் நான்கு நான்காக ஒட்டிப் பிறந்து, நான்காகவே கிடக்கும். சோலையில் வளரும் ஐலெக்ஸ் மரத்தின் துகள் மேலெல்லாம் சிறு சிறு கதாயுதங்கள் நட்டதுபோல் முண்டுகள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் உதிர்ந்த துகள் இன்றும் தன் ஓட்டின் வேலைப்பாடு குலையாமல் இருக்கிறது. நீலகிரியிலும், வட்டவடைக்குக் கிழக்கே பழனி மலையின் மரியன் சோலையிலும் விஞ்ஞானிகள் இப்படித் துகள்களை எண்ணி எண்ணிப் பழைய மலையை மீட்டெழுதியிருக்கிறார்கள். லக்னோவில் பீர்பால் சாஹ்னி 1946-ல் தொடங்கிய தொல்தாவரவியல் நிறுவனம் இந்தத் துறைக்கு நம் நாட்டின் பள்ளிக்கூடமாகவே இருந்துவருகிறது.

உயிரோடு நடமாடும் ஏடுகள்

சேற்றில் உறங்கும் ஏடுகள் ஒரு பக்கம். மூச்சு விடும் ஏடுகள் மறுபக்கம்.

இந்த மலைகளின் உச்சிகளை விஞ்ஞானிகள் வானத்துத் தீவுகள் என்கிறார்கள். கீழே வெப்பச் சமவெளி கடலாகச் சூழ்ந்திருக்க, குளிர் உயிர்கள் உச்சிகளிலேயே தங்கிவிட்டன. பாலக்காட்டுக் கணவாய் நீலகிரியையும் ஆனைமலையையும் பிரிக்கும் பெரிய இடைவெளி. சோலைப் பறவைகளுக்கு அதைத் தாண்டுவது எளிதல்ல. பாம்பாடும் சோலையில் கூவும் பழனிச் சிரிப்பான் குருவிக்கும் நீலகிரியில் கூவும் அதன் உறவுக்கும் வெகுகாலம் முன்பே உறவு முறிந்துவிட்டது. வி.வி. ராபினும் அவருடைய குழுவினரும் இந்தப் பறவைகளின் மரபணுவை வாசித்து, 2017-ல் நம் சோலைகளுக்கே உரிய இரண்டு தனிப் பேரினங்களை உலகுக்கு அறிவித்தார்கள். ஒன்றின் பெயரே ‘சோலிகோலா’. சோலையின் குடிமகன் அது. கணவாய் எப்போது சுவராக நின்றது என்ற வரலாற்றை, குருவி தன் குருதியில் சுமந்து திரிகிறது.

இதே இடுக்கி மாவட்டத்தில் 2003-ல் அறிவிக்கப்பட்ட ஒரு தவளையை நினைத்துப் பாருங்கள். எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசுயிட்டும் பெயரிட்ட நாசிகபட்ராகஸ். ஊதா நிறம், உப்பிய உடல், கூரிய மூக்கு. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழ்ந்து, மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக மேலே வரும். இதன் குடும்பத்துக்கு நெருங்கிய உறவுக் குடும்பம் இந்தியாவில் எங்குமே இல்லை. கடல் தாண்டி சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறது. இந்தியாவும் சீஷெல்ஸும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்தின் சாட்சி அது. அந்த உறவு பிரிந்து 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இதே குடும்பத்தில் இந்தத் தவளையின் உடன்பிறப்பு ஒன்றைத் திருவில்லிபுத்தூர் மலையில் கண்டு 2017-ல் அறிவித்தார்கள். மலையின் கிழக்குச் சரிவில், தமிழகப் பக்கத்தில், வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருந்து முட்டையிடும் இனம் அது. நம் ஐப்பசி மழையை இந்தத் தவளை நமக்கு முன்பே அறிந்திருந்தது.

இனி குறிஞ்சி. வட்டவடை, கொட்டாக்கொம்பூர் பகுதிகளில் 2006-ல் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கிறது. இந்தப் பூப்பைப் பற்றிய எழுத்துப் பதிவு 1838-லிருந்து தொடங்குகிறது. அன்று முதல் 2018 வரை 180 ஆண்டுகள். பஞ்சம் வந்தது, போர் வந்தது, ஆட்சி மாறியது. குறிஞ்சி தன் கணக்கை விடவில்லை. அடுத்தது 2030.

ஏன் இந்தக் காத்திருப்பு? ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் பூச்சியும் எலியும் பறவையும் முழுவதையும் தின்றுவிடும். பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்து, மலை முழுவதும் ஒரே பருவத்தில் விதை கொட்டினால், தின்பவர்கள் தின்று தீர்க்க முடியாது. மூங்கிலின் நீண்ட காத்திருப்புக்கு டேனியல் ஜான்ஸன் 1976-ல் தந்த விளக்கம் இது. குறிஞ்சிக்கும் பொருந்துகிறது. விதை தந்த செடி மடிகிறது. அடுத்த பூப்பை அது காண்பதில்லை. காணாத தலைமுறைக்காகக் கணக்கை விதையில் எழுதிவிட்டுப் போகிறது. மலைக்குடிகள் தங்கள் வயதைக் குறிஞ்சியின் பூப்பால் எண்ணினார்கள் என்பதில் வியப்பென்ன? அதைவிட நம்பகமான நாட்காட்டி அவர்களுக்கு எங்கே கிடைத்திருக்கும்?

ஏட்டைத் திறந்தவனின் கடமை

புனைகதை வீரன் அயல் இனத்தின் ஏட்டைத் திறந்ததும் என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்தே அந்தக் கதையின் தரம் அமையும். திறந்து, படித்து, பழையபடியே நடந்துகொண்டால் அந்த ஏட்டால் பயனில்லை. வட்டவடையில் நாம் படித்தபடி நடக்கத் தொடங்கியிருக்கிறோம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

வட்டவடைக்கு அருகே பழத்தோட்டத்தில், புல்வெளியாக இருந்த சரிவுகளை வாட்டில் மரங்கள் மூடியிருந்தன. 2019-ல் காட்டுத்தீ அங்கே பரவி அந்த மரங்களை எரித்தது. எரிந்த இடத்தில் மறுபடி வாட்டிலே முளைத்து வர, வனத்துறையும் ஊர்மக்களும் அந்த நாற்றுகளைப் பிடுங்கினார்கள். மலைக்கே உரிய புல் வகைகளைத் தேடி எடுத்து, நாற்று வளர்த்து, சரிவில் கையால் நட்டார்கள். ஊர்ப் பெண்களின் உழைப்பு அதில் நிறைய. புல் பிடித்தது. ஓடைகளில் நீர் மீண்டும் ஊறியது. அடர்ந்த புல்லின் வேர்கள் மழையை உள்ளே வாங்கி வைத்து மெல்ல மெல்ல விடும். வேகமாக வளரும் வேற்று மரமோ அந்த ஈரத்தைத் தானே குடித்துவிடும். புல் இந்த மலையின் பழங்குடி என்று கருஞ்சேறு சொன்னதை நம்பி நட்டவர்களுக்கு, மலை நீரால் பதில் சொல்லியிருக்கிறது. அந்த நீர்தான் பூண்டு வயலுக்கும் போகிறது, பாம்பாற்றுக்கும் போகிறது.

செய்ய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மடிப்புகளில் இதுவரை யாரும் துளையிட்டுப் பார்க்காத சதுப்புகள் உண்டு. ஒரு பள்ளத்துச் சதுப்பை வடித்துக் காய்கறி போடுவது சில நாள் வேலை. ஓரத்தில் யூகலிப்டஸ் நட்டால் அந்த வேலைகூட வேண்டாம், மரமே வற்றச் செய்துவிடும். நீர் வடிந்ததும் சேற்றுக்குள் காற்று புகும். காற்று புகுந்ததும், பனியுகத்திலிருந்து மக்காமல் இருந்தது மக்கித் தூளாகத் தொடங்கும். எரிந்த நூலகத்தின் நூல்களுக்காவது வேறெங்கோ படி இருக்கக்கூடும். ஒரு சதுப்பின் ஏட்டுக்கு இரண்டாம் படி கிடையாது.

வயிற்றுப்பாட்டுக்காக நிலம் தேடும் மலை விவசாயியை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வாழ வேண்டும். நன்றாக வாழ வேண்டும். தட்டு வயல் கட்டி மண்ணைக் காத்த அந்த மக்களுக்கு மண்ணின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் தங்கள் வயலுக்கு மேலே உள்ள பள்ளத்தில் என்ன இருக்கக்கூடும் என்பதை அவர்களுக்குச் சொல்வது படித்தவர்களின் கடமை. கோவிலூர்ப் பள்ளிக்கூடத்துக் குழந்தை ஒன்று, ‘எங்கள் மலைத்தொடரின் சேற்றில் இருபதாயிரம் வருடத்து மழைக் கணக்கு இருக்கிறது’ என்று பெருமையாகச் சொல்லி வளர வேண்டும். அந்தக் குழந்தை பெரியவளாகி, நுண்ணோக்கியில் தன் ஊர் மகரந்தத்தைத் தானே எண்ண வேண்டும்.

பிரபஞ்சத்தில் நமக்கு முன் அறிந்தவர்கள் யாரும் இருந்தார்களோ, அவர்கள் ஏதும் விட்டுச் சென்றார்களோ, அதை இறைவனே அறிவான். இந்த மலையில் அவன் விட்டு வைத்திருக்கும் ஏட்டை நாம் அறிவோம். அதைக் காக்கக் கோட்டை கட்ட வேண்டியதில்லை, இரும்புக் கதவு போட வேண்டியதில்லை. புல்லைப் புல்லாக இருக்க விடுவதும், பள்ளத்து ஈரத்தைக் காயாமல் பார்த்துக்கொள்வதும் போதும். அவ்வளவு எளிய தொண்டைக்கூடச் செய்யாமல் விட்டால், நமக்குப் பின் வரும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடிய பதில் ஏதும் இல்லை.